11 மாதங்களில் நான்கு தொற்றுகள்: 76 வயதுப் பெண்மணி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

முதியோர் நல மருத்துவத்தில் இருக்கும் எங்கள் சிறு குழு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பார்த்துவந்த ஒருவரைப் பற்றிய பதிவு இது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறேன். அவரும் குடும்பத்தாரும் எழுதச் சம்மதித்தார்கள்.

வயது 76. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தியோடு இருக்கிறார். ரத்த அழுத்தம் நெடுநாளாக உண்டு, கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை ஆரம்ப நிலையில், மூன்று மாதச் சராசரி 6.9. அவருடைய கணவருக்கு மறதி நோய். மூன்று ஆண்டுகள் இரவு பகலாக அவரைக் கவனித்துக்கொண்டது இந்த அம்மாதான். எங்களிடம் வருவதற்கு 14 மாதங்களுக்கு முன்பு கணவர் காலமானார்.

அது நடந்து மூன்றாம் மாதத்தில் முதல் தொற்று. அதிலிருந்து 11 மாதங்களுக்குள் நான்கு. முதலில் நிமோனியா, வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில், ஆறு நாள் ஆஸ்பத்திரி. பிறகு இடது விலாவில் அக்கி. அது ஆறியும் ஆறாமலும் இருக்கும்போதே சிறுநீர்த் தொற்று. கடைசியாக மறுபடி நிமோனியா, அதே வலது கீழ்ப்பகுதியில்.

இரண்டாவது நிமோனியாவின்போது வீட்டார் மூன்று நாள் காத்திருந்தார்கள். தெர்மாமீட்டரில் 37.4 டிகிரி செல்சியஸ்தான் காட்டியது, அதாவது பாரன்ஹீட்டில் 99.3. "காய்ச்சல் இல்லையே, அசதிதான்" என்று நினைத்துவிட்டார்கள். நான்காம் நாள் காலையில் அவர் பேத்தியின் பெயரை மாற்றிச் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இந்த 37.4-ஐப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்களிடம் வந்தபோது மருமகள் கேட்ட முதல் கேள்வி இது: "டாக்டர், அத்தைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லாமப் போச்சு. அதை ஏத்துறதுக்கு என்ன குடுக்கலாம்?"

அக்கறையோடு கேட்ட கேள்வி. ஆனால் 'ஏற்றுவது' என்ற சொல் தொட்டியில் நீர்மட்டம் குறைந்ததைப்போல ஒரு படத்தை மனதில் வைத்துவிடுகிறது. வயதான உடலில் நடப்பது வேறு. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியின் வேலை என்ன என்பதே 1961-இல் ஜாக் மில்லர் எலிகளில் கண்டறிந்த பிறகுதான் தெரியவந்தது. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒருவகையான 'டி' செல்கள் புதிதாகப் பயிற்சி பெறும் இடம் அது. இளமையிலேயே சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. ஆகவே முன்பின் பார்த்திராத கிருமியை எதிர்கொள்ளப் புதுச் செல்கள் குறைவு. அதே உடலில், எந்தக் கிருமியும் இல்லாமலேயே மெல்லிய அழற்சி ஒன்று ஓயாமல் புகைந்துகொண்டிருக்கும். கிளாடியோ பிரான்செஸ்கியும் அவருடைய குழுவினரும் 2000-இல் இதற்கு 'இன்ஃப்ளமேஜிங்' என்று பெயர் வைத்தார்கள். ஓரிடத்தில் போதாமை, இன்னோரிடத்தில் மிகை. இப்படிப்பட்ட ஒன்றை மொத்தமாக 'ஏற்ற' வழியில்லை. எது அதை நாள்தோறும் இழுத்துக் கீழே தள்ளுகிறது, கிருமி உள்ளே வர எந்த வழி திறந்து கிடக்கிறது என்று தேடலாம்.

முதல் சந்திப்பில் கண்டவை

14 மாதங்களில் எடை 61 கிலோவிலிருந்து 54.5 கிலோவாகக் குறைந்திருந்தது. பத்து சதவீதத்துக்கும் மேல். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 19 விநாடிகள் ஆயின. 15-ஐத் தாண்டினாலே தசை பலம் குறைந்திருக்கிறது என்று சந்தேகிப்போம்.

ஒரே இடத்தில் இரண்டு முறை நிமோனியா என்றால் அங்கே மூச்சுக்குழாயை அடைக்கும் கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். சி.டி. ஸ்கேனில் அப்படி எதுவும் இல்லை. ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களான இம்யுனோகுளோபுலின் அளவுகள் சரி. எலும்புமஜ்ஜைப் புற்றுநோயைக் காட்டக்கூடிய புரதப் பரிசோதனை சரி. எச்.ஐ.வி. இல்லை. தைராய்டு, சிறுநீரகம் சரி. வைட்டமின் டி 14 நானோகிராம், குறைவு. ஹீமோகுளோபின் 10.4, அதுவும் குறைவு. வெள்ளணுக்களில் கிருமியை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோஃபில் 1,300. இயல்பாக 1,500-க்கு மேல் இருக்கவேண்டும்.

இந்தக் கடைசி இரண்டு எண்களுக்கும் காரணம் மகன் கொண்டுவந்த துணிப்பையில் இருந்தது. எதிர்ப்புச் சக்திக்கென்று எட்டு மாதமாகக் கொடுத்துவந்த மூன்று பொருள்கள்: ஒரு மாத்திரை, ஒரு பன்வைட்டமின், பாலில் கலக்கும் ஒரு மாவு. மூன்றின் லேபிளையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துத் துத்தநாகத்தைக் கூட்டினோம். 50, 15, 10. மொத்தம் நாளொன்றுக்கு 75 மில்லிகிராம். பெரியவர்களுக்கு அன்றாட உச்சவரம்பு அமெரிக்காவில் 40, ஐரோப்பாவில் 25.

துத்தநாகம் மிகுந்தால் குடல்சுவர்ச் செல்களில் ஒரு புரதம் பெருகும். அது உணவிலிருந்து வரும் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தச் செல்கள் உதிரும்போது தாமிரமும் மலத்தோடு போய்விடும். தாமிரம் குறைந்தால் எலும்புமஜ்ஜையில் சிவப்பணுவும் நியூட்ரோஃபிலும் சரிவர உருவாகா. இவருக்கு ரத்தத்தில் தாமிரம் அளந்தோம். குறைவாகவே இருந்தது. எதிர்ப்புச் சக்திக்காக வாங்கிய பொருளே வெள்ளணுவைக் குறைத்துக்கொண்டிருந்தது. மகனிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு டப்பாவும் தனித்தனியே பார்த்தால் குற்றமற்றது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, பார்த்த மருத்துவர்களும் கேட்கவில்லை.

அதே பையில் குளோர்பெனிரமின் மாத்திரை அட்டை ஒன்றும் இருந்தது. "அது சும்மா சளி மாத்திரை டாக்டர், தூக்கத்துக்குப் போட்டுக்கிறேன்" என்றார் அம்மா. கணவர் நோயுற்றிருந்த இரண்டாம் ஆண்டில், கிடைத்த நேரத்தில் சட்டென்று தூங்கிவிட ஆரம்பித்தது. இப்போது தினம் இரவு இரண்டு, அதாவது 8 மில்லிகிராம். குறித்துக்கொண்டேன். மயக்கம் வரும், விழக்கூடும் என்று மட்டும் நினைத்தேன்.

வாயைப் பற்றி என் குறிப்பில் இரண்டே சொற்கள்: "பல்செட் உண்டு."

முதல் திட்டம், அதில் செய்த தவறு

துத்தநாகம் இருந்த மூன்றையும் நிறுத்தினோம். தாமிரமும் வைட்டமின் டி-யும் கொடுத்தோம். இது சரியான முடிவு. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பதினொரு அறிவுரைகள் கொண்ட ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தேன். உணவு, நடை, தண்ணீர், வெயில், தூக்கம், கை கழுவுதல் என்று எல்லாம் அதில் இருந்தன. நியூட்ரோஃபில் குறைவைப் பார்த்த கலக்கத்தில், "ஒரு மாதத்துக்கு ஆட்கள் அதிகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பேத்திக்குச் சளி என்றால் தள்ளியே இருக்கட்டும்" என்றும் சொன்னேன். 1,300 என்பது அப்படிப் பிரித்துவைக்கவேண்டிய அளவல்ல. 500-க்குக் கீழே போகும்போதுதான் பெரிய அபாயம். இது எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல.

குடும்பம் சொன்ன சொல் தட்டாமல் செய்தது. சாப்பாடு அவருடைய அறைக்கே போயிற்று. பேத்தி வாசலில் நின்று பேசினாள். மாலையில் வந்து உட்கார்ந்து பேசும் தோழியை மகன் போனில் அழைத்து, வரவேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிட்டார்.

நான்கு வாரம் கழித்து வந்தார்கள். நியூட்ரோஃபில் 1,900 ஆகியிருந்தது. ஆனால் எடை இன்னும் ஒரு கிலோ குறைந்து 53.5. எழுந்து உட்கார 23 விநாடி. நாங்கள் கொடுத்திருந்த காலடி எண்ணும் கருவி நாளுக்குச் சராசரியாக 900 என்று காட்டியது. தாளில் இருந்த பதினொன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை.

900 காலடி என்பது லேசான விஷயமல்ல. நலமாக இருந்த முதியவர்கள் பத்துப் பேரை இரண்டே வாரம் நாளுக்கு ஏறக்குறைய 1,400 காலடியோடு நிறுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2013-இல் வந்தது. அந்த இரண்டு வாரத்தில் காலின் தசை சுமார் 4 சதவீதம் குறைந்தது. சாப்பிட்ட புரதத்தைத் தசையாக்கும் திறனும் மங்கியது. தசை நடப்பதற்கு மட்டுமல்ல. தொற்று வரும்போது எதிர்ப்புச் செல்கள் எரிபொருளாகக் கொள்ளும் குளுட்டமைன் பெருமளவு தசையில்தான் சேமிப்பாக இருக்கிறது. நோயிலிருந்து காப்பதாக நினைத்து, அடுத்த நோயைத் தாங்கவேண்டிய இருப்பைக் கரைத்துவிட்டேன். "இது நான் சொன்னதால் வந்தது, நீங்கள் செய்ததால் அல்ல" என்று குடும்பத்தாரிடம் சொன்னேன். மருமகள் ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லை. "அத்தை அழுதாங்க டாக்டர், உங்ககிட்ட சொல்லவேணாம்னாங்க" என்றார்.

வீட்டில் ஒரு மாலையும் ஒரு காலையும்

கேள்வி கேட்டுப் பதில் எழுதுவதில் எதையோ தவறவிடுகிறோம் என்று பட்டது. எங்கள் செவிலியரை வீட்டுக்கு அனுப்பினேன். மாலை ஆறு மணியிலிருந்து படுக்கப்போகும் வரையும், மறுநாள் காலை விழித்ததிலிருந்து இரண்டு மணி நேரமும் கூடவே இருக்கச் சொன்னேன். எதையும் திருத்தவேண்டாம், பார்த்து எழுதினால் போதும் என்றேன்.

அவர் எழுதிவந்த குறிப்பில் ஐந்து மணிக்குப் பிறகு ஒரு வாய்த் தண்ணீர் இல்லை, இரவில் எழுந்திருக்கவேண்டிவரும் என்ற பயம். இரவு உணவு முழுக்கக் கரைத்தது, குழைத்தது. கெட்டியாக எதுவும் தட்டில் இல்லை. காலை ஒன்பதரை வரை அறையின் திரை விலகவில்லை. பிற்பகலில் இரண்டரை மணி நேரம் தூக்கம் என்று மருமகள் சொன்னார்.

படுக்கும் நேரத்துக் குறிப்பு தனியாக ஒரு பக்கம். மாத்திரை இரண்டும் போட்டுக்கொண்டு, விளக்கணைத்துவிட்டு அப்படியே படுத்தார். "பல்செட்டைக் கழட்டலையாம்மா?" என்று செவிலியர் கேட்டிருக்கிறார்.

"இல்ல சிஸ்டர். அவரு ராத்திரி எந்திரிச்சு என் மூஞ்சியப் பாப்பாரு. பல்லு இல்லாமப் பாத்தா யாரோன்னு பயந்துருவாரு. ஒரு தடவை அப்படித்தான் பயந்து கத்திட்டாரு. அதுலேருந்து கழட்டுறதே இல்ல. இப்பவும் அப்படியே பழகிப்போச்சு."

ஏறக்குறைய மூன்று ஆண்டுகளாக அந்தப் பல்செட் இரவில் வாயிலேயே இருந்திருக்கிறது. மறுநாள் காலை செவிலியர் கேட்டுக்கொண்டதன்பேரில் கழற்றினார். மேல் அண்ணம் செக்கச்செவேலென்று இருந்தது. அந்தச் சிவப்பு பல்செட்டின் தகடு எங்கே முடிகிறதோ அங்கே கோடு கிழித்ததுபோல முடிந்தது. தகட்டின் உட்புறத்தில் விரலால் தொட்டால் வழுக்கும் ஒரு படலம். பூஞ்சைத் தொற்று. எடை குறைந்ததில் ஈறும் சுருங்கிப் பல்செட் தளர்ந்திருந்தது, மென்றால் ஆடுகிறது, வலிக்கிறது. கரைத்த உணவின் காரணம் அதுதான். உண்டதைக் கணக்கிட்டால் புரதம் நாளுக்கு 35 கிராம் தேறவில்லை.

இதன்பிறகு தனித்தனியாகத் தெரிந்தவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. குளோர்பெனிரமின் வாயை உலரவைக்கும். உமிழ்நீர் வாயைக் கழுவும் நீர் மட்டுமல்ல, கிருமிகளை அடக்கும் புரதங்களும் எதிர்ப்பொருள்களும் அதில் உண்டு. அது வற்றிய வாயில், இரவெல்லாம் கழற்றாத தகட்டில் கிருமிகள் படலமாகப் படரும். தூக்கத்தில் நாம் எல்லோருமே சிறிதளவு வாய்நீரை நுரையீரலுக்குள் இழுக்கிறோம். இருமல் அதை வெளியே தள்ளிவிடும். மாத்திரையின் மந்தத்தில் அந்த இருமல் எழவில்லை. வலது மூச்சுக்குழாய் இடதைவிட அகலம், செங்குத்தும் கூட. வலது கீழ்ப்பகுதியில் இரண்டு நிமோனியா. எக்ஸ்ரே படம் முதல் நாளே என் மேசையில் இருந்தது. "பல்செட் உண்டு" என்ற குறிப்பும் அதே பக்கத்தில் இருந்தது. நான் இரண்டையும் சேர்த்துப் படிக்கவில்லை.

2015-இல் டோக்கியோவில், 85 வயதுக்கு மேற்பட்ட 524 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து வெளியிட்ட ஆய்வில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அதற்கு முன்பே, ஜப்பானின் 11 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இரண்டு ஆண்டு நடந்த ஆய்வு 2002-இல் வெளிவந்திருந்தது. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் வாய் சுத்தம் செய்துவிடப்பட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கும், செய்யப்படாதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நிமோனியா வந்தது. பல் துலக்குவதை எதிர்ப்புச் சக்தியோடு சேர்த்து யாரும் பேசுவதில்லை. சேர்த்துத்தான் பேசவேண்டும் என்பது என் கருத்து.

அதே மாத்திரை சிறுநீர்ப்பையையும் முழுதாகச் சுருங்கவிடாது. ஸ்கேன் செய்தபோது, போய்விட்டு வந்த பிறகும் 180 மில்லி உள்ளே தங்கியிருந்தது. மாலையிலிருந்து தண்ணீரும் குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்றுக்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. குளோர்பெனிரமின் போன்ற முதல் தலைமுறை ஒவ்வாமை மாத்திரைகளை முதியவர்களுக்குத் தவிர்க்கவேண்டியவை என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் 'பியர்ஸ்' பட்டியல் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது திட்டம்: எது முதலில், ஏன்

இந்த முறை தாள் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். முந்தையது நிலைக்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை.

வாயிலிருந்து தொடங்கினோம். உடனே பலன் தரக்கூடியது அதுதான், சாப்பாட்டுக்கும் அதுவே வழி. பூஞ்சைக்கு மருந்து, தளர்ந்த தகட்டுக்குப் பல் மருத்துவரிடம் புதிய உட்பூச்சு. இரவில் கழற்றி, மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் வைத்துத் தேய்த்து, மூடிபோட்ட கிண்ணத்தில் நீரில் வைக்கவேண்டும். பிறகு ஈறு, அண்ணம், நாக்கு மூன்றையும் ஈரத்துணியாலோ பிரஷ்ஷாலோ துடைக்கவேண்டும். செய்முறை எளிது. அம்மாவுக்குக் கழற்றுவதுதான் எளிதாக இல்லை. முதல் வாரம் கிண்ணம் காலியாகவே இருந்தது. வற்புறுத்தவேண்டாம் என்று சொல்லியிருந்தோம். ஒரு நாள் மகன் அறைக்குள் போய் உட்கார்ந்து, "ராத்திரி நான் வந்து கூப்பிட்டா பல்லு இல்லாமலே பேசும்மா. எனக்கு உன் குரல் போதும்" என்றாராம். அன்றிரவு கழற்றினார்.

அடுத்து மாத்திரை. ஒரேயடியாக நிறுத்தாமல், மூன்று வாரத்தில் எட்டிலிருந்து நான்காக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி நிறுத்தினோம். அதற்குப் பதிலாக வேறு தூக்க மாத்திரை கொடுக்கவில்லை. முதல் பத்து இரவுகள் மோசமாகத்தான் போயின. அதை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் தாக்குப்பிடித்தார். எப்போது தூங்கினாலும் காலை ஆறரைக்கு எழுவது, எழுந்ததும் திரையை விலக்கிவிட்டு அரைமணி வெளிச்சத்தில் உட்காருவது, பகல் தூக்கம் அரைமணிக்கு மேல் இல்லை என்று மூன்றே விதிகள். தூக்கத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2009-இல் வெளியான ஆய்வொன்றில் நலமாக இருந்த 153 பேரின் மூக்கில் ஜலதோஷ வைரஸை விட்டுப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கி வந்தவர்களுக்குச் சளி பிடித்தது ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். ஆனால் அவர்கள் 55 வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த மூன்று மடங்கை அப்படியே இந்த அம்மாவின் மேல் ஏற்றிச் சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டை அறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்தோம். எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 1.2 கிராம் என்று கணக்கிட்டு, நாளுக்கு 65 கிராம் புரதம், மூன்று வேளைக்கும் பிரித்து. எல்லாவற்றையும் இரவில் ஒரே வேளையாகச் சேர்த்துக் கொடுத்தால் வயதான உடல் அதைச் சரியாகத் தசையாக்குவதில்லை. பல்செட் பொருந்திவிட்டதால் மெல்ல முடிந்தது. நாங்கள் எதிர்பார்த்ததைவிட, எதிரே உட்கார்ந்து பேத்தி பேசிக்கொண்டிருந்ததுதான் கூடுதலாகச் சாப்பிட வைத்தது என்று மருமகள் அடித்துச் சொன்னார். நம்புகிறேன். தண்ணீரின் பெரும்பங்கை மாலை ஆறுக்கு முன் முடித்துக்கொள்ளச் சொன்னோம்.

நடைக்கு இலக்கு வைக்கவில்லை. சாப்பிட உட்காரும் முன் ஒவ்வொரு வேளையும் நாற்காலியில் ஐந்து முறை எழுந்து உட்காருவது மட்டும். அது பத்தாயிற்று. பிறகு மாலையில் தோழியோடு நடை. ஆம், தோழியை மகனே நேரில் போய் அழைத்துவந்தார். பேத்திக்கு மூக்கு ஒழுகும்போது அவள் முகக்கவசம் போட்டுக்கொள்வாள், கை கழுவிவிட்டு வருவாள், அறைக்கு வெளியே நிற்கவேண்டியதில்லை.

இனி அந்த 37.4. நலமாக இருக்கும் இரண்டு வாரம், தினம் காலை ஒரே நேரத்தில் வெப்பநிலை எடுத்து நோட்டில் எழுதச் சொன்னோம். சராசரி 36.2 வந்தது. முதியவர்கள் பலருக்கு இயல்பே இப்படித் தாழ்ந்திருக்கும், தொற்று வந்தாலும் இளையவர்களைப்போல 39-க்கு ஏறாது. அவரவர் இயல்பைவிட 1.1 டிகிரி கூடினாலோ, திரும்பத் திரும்ப 37.2-க்கு மேல் இருந்தாலோ காய்ச்சலாகக் கொள்ளவேண்டும் என்பது முதியோர் இல்லங்களுக்கான வழிகாட்டு நெறி. அப்படியானால் அன்று இருந்த 37.4 அவருக்குக் காய்ச்சல்தான். இதைக் கேட்டதும் மகன் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 37.3 என்று எழுதி வட்டமிட்டார். கீழே மூன்று வரிகள்: திடீர்க் குழப்பம், சாப்பிட மறுப்பது, காரணமில்லாமல் விழுவது. எண் ஏறாவிட்டாலும் இவற்றில் ஒன்று தெரிந்தால் போன் செய்யவேண்டும்.

தடுப்பூசிகள்

நான்கு தொற்றுகளில் மூன்றுக்கு எதிராகத் தடுப்பூசி ஏதோ ஒருவகையில் உதவியிருக்கக்கூடும். அவர் ஒன்றுகூடப் போட்டிருக்கவில்லை. அது சிறு குழந்தைகளுக்கு என்று நினைத்திருந்தார்.

உடல் தேறட்டும், தூக்கம் சரியாகட்டும், பிறகு போடலாமா என்று குழுவில் பேசினோம். நான்கு மணி நேரமே தூங்கவைக்கப்பட்ட இளைஞர்களுக்கு ஃப்ளூ ஊசி போட்டு, பத்தாம் நாளில் எதிர்ப்பொருள் பாதிக்கும் குறைவு என்று காட்டிய 2002 ஆய்வை எங்களில் ஒருவர் நினைவூட்டினார். அதே ஆய்வில் மூன்று, நான்கு வாரத்துக்குப் பின் அந்த வித்தியாசம் மறைந்தது. தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் காப்பில்லாத வாரம் என்பதால் காத்திருக்கவில்லை. ஃப்ளூ ஊசியும், நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் ஒன்றான நிமோகாக்கஸுக்கு எதிரான ஊசியும் உடனே போட்டோம். நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 84,496 பேரிடம் நடந்த ஆய்வில், அந்த ஊசியில் உள்ள வகைக் கிருமிகளால் வரும் நிமோனியா ஏறத்தாழ 45 சதவீதம் குறைந்தது. எல்லா நிமோனியாவையும் அது தடுக்காது என்பதையும் சொல்லிவிட்டே போட்டோம். வாயிலிருந்து இறங்கும் கிருமிக்கு ஊசி பதிலாகாது.

அக்கி வந்தவருக்கும் அக்கி ஊசி உண்டா என்று மகன் வியந்தார். உண்டு, ஒருமுறை வந்தது மறுபடியும் வரலாம். உயிருள்ள வைரஸ் இல்லாத புதுவகை ஊசி, 70 வயதுக்கு மேற்பட்டவர்களிடமும் சுமார் 90 சதவீதம் காப்பு தந்தது. வயதான எதிர்ப்பு அமைப்பு எதற்கும் அசையாது என்ற எண்ணத்தை உடைத்த ஊசி அது. இரண்டு தவணையாகப் போட்டோம். முதல் தவணைக்குப் பின் இரண்டு நாள் கைவலியும் உடல்வலியும் இருந்தன. வீட்டில் மற்ற மூவரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த 14 மாதங்கள்

மூன்றாம் மாதத்தில் நியூட்ரோஃபில் 3,100, ஹீமோகுளோபின் 11.9. தாமிரம் கொடுப்பதை நிறுத்தினோம். சிறுநீர்ப்பையில் தங்குவது 60 மில்லியாகக் குறைந்தது. அண்ணத்தின் சிவப்பு ஒரு மாதத்தில் மறைந்தது. எடை மெதுவாக ஏறி 57.8. எழுந்து உட்கார 13 விநாடி. காலடி நாளுக்கு 4,000-ஐ ஒட்டி.

தொற்று வராமல் இல்லை. இரண்டாம் மாதம் பேத்தியிடமிருந்து ஜலதோஷம், ஆறு நாளில் போனது. ஏழாம் மாதம் ஒரு காலையில் குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்து வந்தார். எடுத்துப் பார்த்தால் 37.5. மருமகள் எட்டரை மணிக்கே போன் செய்தார். சிறுநீர்த் தொற்று, வீட்டிலேயே மாத்திரையில் சரியாயிற்று. பதினோராம் மாதம் ஃப்ளூ, ஐந்து நாள் படுக்கை. நெஞ்சில் இறங்கவில்லை. நிமோனியா இல்லை, ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் இல்லை.

எதனால் என்று சொல்ல முடியுமா

ஒரே ஒருவர். ஒன்பது பத்து விஷயங்களை மாற்றினோம். அவற்றுள் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மிக மோசமான ஓர் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தானாகவே கொஞ்சம் நல்லதாக அமைவதும் உண்டு.

துக்கம் என்ற ஒன்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். மறதி நோயுற்ற துணையைப் பராமரித்த 32 பேரையும், அப்படிப்பட்ட சுமை இல்லாத 32 பேரையும் ஒப்பிட்டு ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், பராமரித்தவர்களிடம் ஃப்ளூ ஊசிக்கு எழுந்த எதிர்ப்பு மந்தமாக இருந்தது. அதே குழு அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பராமரித்தவர்களுக்குத் தோலில் ஒரே அளவான சிறு புண் ஆற, மற்றவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாக ஆயிற்று. இந்த அம்மாவின் மூன்று ஆண்டுச் சுமை எவ்வளவு காலம் உடலில் தங்கியிருந்தது, அது தளர்ந்ததுதான் தேறியதற்குக் காரணமா, அளக்க என்னிடம் கருவி இல்லை.

ஆனாலும் என் கணிப்பைச் சொல்கிறேன். நிமோனியா நின்றதற்கு இரவில் கழற்றிய பல்செட்டும் நிறுத்திய மாத்திரையும் முதன்மைக் காரணம். இரண்டு முறையும் ஒரே இடத்தில் வந்தது அதைத்தான் சுட்டுகிறது. துத்தநாகத்தை நிறுத்தியது ரத்தத்தைச் சரிசெய்தது உறுதி. தொற்று குறைந்ததில் அதன் பங்கு சிறிதாகவே இருந்திருக்கும்.

மாற்றிக்கொண்டவை

இப்போது எழுபதைத் தாண்டி யார் வந்தாலும், ரத்தப் பரிசோதனை எழுதும் முன் பல்செட்டைக் கழற்றச் சொல்லி அண்ணத்தைப் பார்க்கிறோம். இரவில் அது எங்கே இருக்கிறது என்று கேட்கிறோம். கையோடு கொண்டுவரச் சொல்வது மருந்துச் சீட்டை அல்ல, வீட்டில் இருக்கும் அத்தனை டப்பாவையும் அட்டையையும். சளி மாத்திரை, சத்துமாவு உட்பட. ஒரே பொருள் எத்தனை டப்பாவில் இருக்கிறது என்று அங்கேயே கூட்டிப் பார்க்கிறோம். அறிவுரைத் தாள் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். "தனியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று நான் இனி யாரிடமும் சொல்வதென்றால், எத்தனை நாளைக்கு என்பதையும், அந்த நாள்களில் அவர் யாரோடு சாப்பிடுவார் என்பதையும் எழுதிவிட்டே சொல்வேன்.

நோயுற்ற துணையைக் கவனித்துக்கொண்டிருப்பவர்களையும் அதே சந்திப்பில் பரிசோதிக்கத் தொடங்கியிருக்கிறோம். இந்த அம்மா கணவரோடு மூன்று ஆண்டுகள் மருத்துவர்களிடம் அலைந்திருக்கிறார். அவர் இரவில் எப்படித் தூங்குகிறார் என்று அத்தனை சந்திப்பில் ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை.

தூக்கம் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. ஐந்தரை, ஆறு மணி நேரம் வருகிறது. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறார், கணவருக்கு மருந்து கொடுத்துப் புரட்டிப்படுக்கவைத்த நேரம் அது. எழுந்து, கிண்ணத்தில் பல்செட் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு மருந்து எதுவும் எழுதவில்லை. அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்து. நோட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.